கேஸ் போடுவதற்கு முன்னால்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் கார் ஏசி கடைகளில் ஒரே வசனம்தான் காதில் விழும்: "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாம்." வண்டிக்காரருக்கும் பிடித்த பதில் அதுதான். அரை மணி நேர வேலை, முகத்தில் சில்லென்று காற்று, வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். ஆடி பிறப்பதற்குள் அதே வண்டி அதே கடை வாசலில் நிற்கும். மறுபடியும் கேஸ்.

இந்தக் கணக்கில் ஏதோ உதைக்கிறது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தை அடைக்காமல் போடுகிற கேஸ் அதே வழியாகத்தான் போகும். குறையவில்லை என்றாலோ போடவே கூடாது, ஏனென்றால் அளவுக்கு மிஞ்சிய கேஸும் குளிர்ச்சியைக் கெடுக்கும். ஆக, "போட்டுடலாம்" என்பது எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பாதிப் பதில். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள், ஆர அமரப் பேசலாம்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசிந்த நீர் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. கார் ஏசியின் சூத்திரமும் இதுவே. தண்ணீருக்குப் பதிலாக, நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் சரக்கு அது. பானையில் ஆவி காற்றோடு போய்விடுகிறது. காரில் அதைப் பிடித்து, மறுபடி திரவமாக்கி, திரும்பவும் கொதிக்க அனுப்ப வேண்டும். பானெட்டுக்குள் இருக்கும் மீதிச் சாமான்கள் எல்லாம் அந்த ஒரு வேலைக்காக வந்தவை.

டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் கேஸ் கொதிக்கிறது. அழுத்தத்தை 28, 30 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் அது சுமார் 0 டிகிரியில் கொதிக்கும். ப்ளோயர் தள்ளும் காற்று அந்தக் காயில் வழியாக வரும்போது குளிர்கிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்ட ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சி, நெருக்கி, அழுத்தத்தையும் சூட்டையும் ஏற்றிக் கண்டன்சருக்கு அனுப்புகிறது. கண்டன்சர் வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டுமானால் கேஸ் அந்த வெயிலைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். அதனால் கண்டன்சருக்குள் கேஸ் 55, 60 டிகிரியில் திரவமாகிறது. அழுத்தம் 200 பிஎஸ்ஐயைத் தாண்டுகிறது. அங்கிருந்து, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வந்து, ஊசிமுனை போன்ற இடுக்கில் பீய்ச்சப்பட்டு, அழுத்தம் சட்டென்று விழுந்து, மறுபடி காயிலில் கொதிக்கிறது.

ஒரு சிறிய காரின் ஏசி ஏறக்குறைய ஒரு டன் வேலை செய்கிறது. படுக்கையறைக்கு மாட்டும் ஏசியின் அளவு. நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் இடத்துக்கு ஏன் இவ்வளவு என்றால், சுற்றிலும் கண்ணாடி, மேலே கொதிக்கும் தகரம், பக்கத்தில் இன்ஜின்.

இவ்வளவு தெரிந்தாலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் கேள்வி: காற்றே வரவில்லையா, காற்று வந்தும் குளிரவில்லையா? இரண்டையும் நாம் "ஏசி வேலை செய்யல" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். ப்ளோயரை நாலில் வைத்தும் காற்று சோம்பலாக வந்தால் கேஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். பல வண்டிகளில் அது கம்பளி மாதிரி வரும். பழைய சிறு கார்கள் பலவற்றில் ஃபில்டரே கிடையாது. அவற்றில் தூசியும் சருகும் நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படியும். ப்ளோயர் நாலாவது வேகத்தில் மட்டும் ஓடி, ஒன்று இரண்டு மூன்றில் அசையாமல் இருந்தால் அது ரெசிஸ்டர் போன கதை. விலை குறைந்த சாமான், பத்து நிமிட வேலை.

காற்று தாராளமாக வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை என்றால் அடுத்த கேள்வி: எப்போது இல்லை? என் கணிப்பில் எந்த மீட்டரையும்விட இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். கடையில் இதைக் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பாகிவிடுகிறது என்பது மிகப் பழைய புகார். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிர வைத்துவிடும். நின்றால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. ஆக, முதல் சந்தேகம் ஃபேன் மேல். மோட்டார் போயிருக்கலாம், ரிலே போயிருக்கலாம், வேகம் குறைந்திருக்கலாம். ஏசியைப் போட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசர் பிடித்தவுடனோ சற்று நேரத்திலோ ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றினால் கண்டன்சரின் முகத்தைப் பாருங்கள். மண்ணும் பூச்சியும் அப்பியிருந்தால் காற்று ஊடுருவாது. முகம் சுத்தமாக இருந்து, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சு மாதிரி அழுக்கு அடைத்திருப்பதும் உண்டு. தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேருக்கு நேர் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் படுத்துவிடும், அதன் பிறகு காற்று போக வழியே இருக்காது. ஃபேனும் சுத்தம், முகமும் சுத்தம் என்றால்தான் கேஸ் குறைவு, கம்ப்ரசர் தளர்ச்சி என்று அடுத்த படிக்குப் போக வேண்டும்.

கிளம்பும்போது நன்றாகக் குளிர்ந்து, திண்டிவனம் தாண்டும்போது காற்றே குறைந்துபோய், டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி சரியாகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயிலின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்காமல் கம்ப்ரசரை நிறுத்திக் காப்பாற்ற வேண்டிய சென்சர் ஏமாற்றியிருக்கும்; அல்லது ஃபில்டர் அடைத்து, காற்று குறைந்து, காயில் உறைந்திருக்கும். நிறுத்தியதும் ஐஸ் உருகி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும். இதற்குக் கேஸ் போட்டுப் பயனில்லை.

இதன் தம்பி மாதிரி இன்னொரு நோய் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றின் வேகம் குறையாமல், குளிர்ச்சி மட்டும் போய்ப் போய் வரும். குழாய்களுக்குள் ஈரம் புகுந்திருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் இடுக்கில் ஒரு துளி நீர் உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும், உருகியதும் திறக்கும். முன்பு யாரோ வேக்கம் போட்டு உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றாமல் அவசரத்தில் கேஸ் ஏற்றியதன் பலனாக இருக்கும். அல்லது கம்ப்ரசரின் மேக்னட்டிக் கிளட்ச் சூடேறியதும் பிடியை விட்டுவிடுகிறது. கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடினால், கிளட்ச் காயில் சூடாகிக் காந்த பலம் குறையும் நேரத்தில் தட்டை இழுத்துப் பிடிக்க முடியாமல் போகும். குளிர்ச்சி போன அந்த நேரத்திலேயே பானெட்டைத் திறந்து, கிளட்ச் சுற்றுகிறதா நிற்கிறதா என்று பார்த்தால் எந்த நோய் என்று தெரிந்துவிடும். கடைக்கு வந்து சேர்வதற்குள் அது சரியாகிவிடுகிறது என்பதுதான் பாதி சிக்கல்.

இந்தக் கிளட்ச் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் பேக்கர்ட் நிறுவனம் தன் 1940 மாடல் கார்களுக்கு ஏசியைப் பொருத்தித் தந்தது. டிக்கியில் கணிசமான இடத்தை அது அடைத்துக்கொண்டது. கம்ப்ரசரை நிறுத்த வழி கிடையாது. குளிர்காலம் வந்தால் பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டும். இன்று ஸ்விட்சைத் தட்டியதும் கேட்கும் அந்த "டிக்" ஓசையின் அருமை அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

அந்த ஓசையே கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் மின்சாரம் பக்கம் போக வேண்டும். ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறதா என்பது. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. வோல்ட் வராமல் இருப்பதற்கு வேறு நியாயமான காரணங்களும் உண்டு. கேஸ் மிகவும் குறைந்துபோனால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓட விடாது. இன்ஜின் அதிகமாகச் சூடானாலும் கம்ப்யூட்டர் ஏசியைத்தான் முதலில் நிறுத்தும். அங்கே பழுது ஏசியில் இல்லை, ரேடியேட்டரில். சில புது வண்டிகளின் கம்ப்ரசரில் இழுத்துப் பிடிக்கும் கிளட்சே கிடையாது. எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்து, உள்ளே ஒரு வால்வ் மூலம் வேலையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதில் "டிக்" ஓசைக்காகக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தால் பொழுதுதான் போகும். இதற்கு நேர்மாறாக, சில நொடிகளுக்கு ஒருமுறை டிக், டிக் என்று பிடித்துப் பிடித்து விட்டால் கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுக்கிறது: கம்ப்ரசர் ஓடியதும் உறிஞ்சும் பக்கம் அழுத்தம் விழுந்து சுவிட்ச் நிறுத்துகிறது, நின்றதும் அழுத்தம் ஏறி மறுபடி ஓட விடுகிறது.

அடுத்து, தொட்டுப் பார்ப்பது. இன்ஜின் ஓடும்போது ஃபேனும் பெல்ட்டும் கையைக் கேட்கும், ஜாக்கிரதை. கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் குழாயைத் தொடவே வேண்டாம், தோல் உரியும் சூடு. டாஷ்போர்டு பக்கம், இன்ஜின் அறையின் பின்சுவரில் இரண்டு குழாய்கள் உள்ளே நுழையும்: ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. ஏசி ஒழுங்காக ஓடினால் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கும், ஒல்லிக் குழாய் சூடாக இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை அல்லது உள்ளே கேஸே இல்லை.

தடித்த குழாய் வியர்த்துச் சொட்டுகிறது, ஆனால் உள்ளே காற்று வெதுவெதுப்பு. இது எப்படி? பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். கேஸ் பக்கம் குற்றமற்றது. குளிர்ந்த காற்றில் ஹீட்டரின் வெப்பம் கலக்கிறது. சூடு-குளிர் கட்டுப்பாட்டின் கேபிள் கழன்றிருக்கலாம், உள்ளே காற்றைத் திருப்பும் தடுப்புக் கதவு பாதியில் நின்றிருக்கலாம், ஹீட்டர் வால்வ் மூடாமல் இன்ஜினின் வெந்நீரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கலாம். வால்வ் உள்ள வண்டியானால், ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைச் சற்று நேரம் கவனமாக நெரித்துப் பிடித்தால் உண்மை தெரியும். காற்று குளிரத் தொடங்கினால் வழக்கு முடிந்தது. நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை என்பதால் அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே நினைவுக்கு வருவதில்லை.

இனி அளவு. "நல்லா கூல் ஆகுது சார்" என்பதும் அளவில்லை, "முன்ன மாதிரி இல்லப்பா" என்பதும் அளவில்லை. கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்ற விட்டு, ப்ளோயரை நடுத்தரத்தில் வைத்து, இன்ஜினை 1500 சுற்றில் பிடித்து, பத்து நிமிடம் கழித்து நடு வென்ட்டில் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே 6 முதல் 12 வரை வந்தால் ஏசி நலம். 20ஐ ஒட்டி நின்றால் எங்கோ கோளாறு. வெயிலில் நாள் முழுக்க வெந்த வண்டியை எடுத்த இரண்டாவது நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதலில் கண்ணாடியை இறக்கி, உள்ளே அடைந்த அனலை வெளியே விட்டுவிட்டு ஏற்றுங்கள்.

ஊரையும் பார்க்க வேண்டும். வேலூரில் 41 டிகிரி காய்ந்த வெயிலில் ஜோராகக் குளிர்ந்த கார், சென்னையில் 36 டிகிரியில் தடுமாறுவதுண்டு. காரணம் கடல் காற்றின் ஈரம். ஒரு கிலோ காற்றிலிருந்து ஒரே ஒரு கிராம் ஈரத்தைப் பிழிந்தெடுக்கச் செலவாகும் குளிர்ச்சியில், அதே காற்றை ஏறக்குறைய இரண்டரை டிகிரி குளிரச் செய்துவிடலாம். சென்னையில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு தண்ணீர் பிழிவதிலேயே போகிறது. வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அந்த உழைப்பின் மிச்சம்தான்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வெளியே சொட்டாமல் முன் சீட்டில் உட்கார்ந்தவரின் காலடியில் தேங்கினால் ட்ரெயின் குழாய் அடைத்திருக்கிறது.

இத்தனையும் ஆன பிறகுதான் மேனிஃபோல்டு கேஜ். நீல முள் உறிஞ்சும் பக்கம், சிவப்பு முள் தள்ளும் பக்கம். இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கும்போது இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும்: 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. "பிரஷர் இருக்கு, அதனால கேஸ் ஃபுல்லா இருக்கு" என்பார்கள். அப்படி இல்லை. உள்ளே ஒரு கரண்டி திரவம் இருந்தாலும் சரி, அரைக் கிலோ இருந்தாலும் சரி, முள் அதையேதான் காட்டும். நின்ற வண்டியின் அழுத்தம் கேஸ் கொஞ்சமாவது இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

ஓடும் வண்டியில், வெளியே 35 டிகிரி இருந்தால் நீலம் 30 முதல் 45, சிவப்பு 200 முதல் 250 என்ற வட்டாரத்தில் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு முள்ளும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. அது பெரும்பாலும் சரியான ஊகம், சில நேரம் தவறு. நீலம் பூஜ்யத்தையோ அதற்குக் கீழேயோ தொட்டுவிட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வின் மேல் பனி பூத்திருந்தால் கேஸ் இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்து, இன்ஜினை முறுக்கினாலும் இரண்டும் விலகிப் போகாமல் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றால் கம்ப்ரசருக்கு வயதாகிவிட்டது. இல்லையென்றால் அதன் கட்டுப்பாட்டு வால்வ் மக்கர் செய்கிறது.

இரண்டும் உயர்ந்திருந்தால்தான் துப்பறிய வேண்டியிருக்கிறது. கண்டன்சருக்குப் போதிய காற்று இல்லை, கேஸ் அளவுக்கு மிஞ்சிவிட்டது, குழாய்க்குள் வெளிக்காற்று புகுந்திருக்கிறது: இந்த மூன்றும் ஏறத்தாழ ஒரே முகத்தைத்தான் காட்டும். ஃபேன் சுற்றுவதை உறுதி செய்துகொண்டு, கண்டன்சர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள் பழைய மெக்கானிக்குகள். சிவப்பு முள் மளமளவென்று இறங்கி உள்ளே குளிர்ச்சி வந்தால், வெப்பம் வெளியேற வழியில்லாமல் தவித்திருக்கிறது என்று பொருள். ஃபேனின் வேகத்தையும் அழுக்கையும் மறுபடி பார்க்க வேண்டும். அங்கே குறை இல்லையென்றால் கேஸை முழுவதும் மெஷினில் இறக்கி எடையைப் பார்ப்பது ஒன்றே வழி. கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு முறை டாப்-அப் செய்த வண்டிகளில் இந்த எடை பலரைத் திகைக்க வைக்கும்.

கடைகளில் விற்கும் சின்ன டின்னை வாங்கி வீட்டில் நாமே ஏற்றிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். டின்னோடு வரும் மீட்டர் நீலப் பக்கத்தை மட்டும் காட்டும். சிவப்பைப் பார்க்காமல் நீலத்தை வைத்து முடிவெடுத்தால், வால்வ் அடைத்த வண்டிக்கும் கேஸ் குறைந்த வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒழுக்கை அடைக்கும் மருந்து கலந்த டின்கள் இன்னும் மோசம்; அந்தப் பிசின் எக்ஸ்பான்ஷன் வால்வையும், அடுத்து வேலை செய்யும் கடையின் மெஷினையும் அடைக்கும்.

சரி, கேஸ் உண்மையிலேயே குறைவு என்று தெரிந்துவிட்டது. எங்கே போனது? கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றி வருகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகத் திட்டு விழும். அந்தத் திட்டுகளைத் தேடுவதே முதல் வேலை. குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கம்ப்ரசர் முன்பக்க ஷாஃப்ட் சீல், கல் பட்டு அடி வாங்கிய கண்டன்சர், சர்வீஸ் வால்வின் உள்ளே இருக்கும் பின் ஆகியவை வழக்கமான இடங்கள். சோப்புத் தண்ணீர் பெரிய ஒழுக்கைக் காட்டும். சின்ன ஒழுக்குக்குச் சாயம் கலந்து ஓட விட்டு, சில நாள் கழித்துப் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். மோப்பம் பிடிக்கும் மின்னணுக் கருவியும் உண்டு. நைட்ரஜன் நிரப்பி, அழுத்தம் இறங்குகிறதா என்று வைத்துப் பார்ப்பது நல்ல கடையின் அடையாளம். நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுகிறவர் யாராவது இருந்தால் அங்கிருந்து உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

வெளியே எங்கும் தடயம் இல்லை, கேஸ் மட்டும் மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது என்றால் கூலிங் காயில் மேல் சந்தேகம் திரும்பும். எப்போதும் ஈரமாக இருக்கிற, தூசி படிகிற அலுமினியம் அது. நாளடைவில் ஊசி நுனியளவு அரித்துவிடும். பல கார்களில் டாஷ்போர்டைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். கூலி அதிகம் என்பதால் கடைக்காரரும் தயங்குவார், வண்டிக்காரரும் தயங்குவார், இருவரும் சேர்ந்து "இந்த வருஷம் கேஸ் போட்டு ஓட்டிக்கலாம்" என்ற சமாதானத்துக்கு வருவார்கள். அந்தச் சமாதானத்தின் விலையைச் சொல்லிவிடுகிறேன். கேஸோடு ஆயிலும் போகிறது. ஆயில் குறைந்த கம்ப்ரசர் ஒருநாள் தேய்ந்து பிடித்துக்கொள்ளும், அதன் உலோகத்தூள் சுற்று முழுக்கப் பரவும். கூலிங் காயில் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய செலவில் கம்ப்ரசர், ட்ரையர், வால்வ் எல்லாம் சேரும். மெல்லிய துளைகள் கொண்ட இன்றைய கண்டன்சரைக் கழுவிச் சுத்தம் செய்யவும் முடியாது என்பதால் அதுவும் சேரும்.

காற்றில் கலந்த கேஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆர்-134ஏயின் புவி வெப்பமாக்கும் திறன், நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல் 1,430 மடங்கு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 400 கிராம் ஒழுகினால் 570 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரித்த புகை. இதற்கு முன்பு கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்தது; 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் அதை ஓரங்கட்டியது. ஆர்-134ஏயும் அந்தப் படலத்தை அரிக்கிறதா என்றால் இல்லை, அதன் பாவம் சூடேற்றுவது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் அதை நிரப்ப முடியாது. இடத்தைப் பிடித்திருப்பது ஆர்-1234ஒய்எஃப்.

ஒழுக்கை அடைத்த பிறகு செய்ய வேண்டியதில் எதையும் சுருக்கக் கூடாது. சுற்றைத் திறந்தால் ட்ரையரை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஈரமுறிஞ்சி காற்றுப் பட்டதும் நிறைந்துவிடும். பிறகு வேக்கம் பம்ப், குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி. அழுத்தம் அவ்வளவு இறங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்கு உதவி. பம்ப்பை நிறுத்தி, வால்வை மூடி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸ். அதையும் மீட்டர் முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றாமல், தராசில் வைத்துக் கிராம் கணக்கில் ஏற்ற வேண்டும். பானெட்டின் அடியிலோ முன் கிராஸ் மெம்பரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500க்குள். இவ்வளவு சின்னச் சுற்றில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும்.

கேஸ் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் சிலிண்டரில் எரியும் கேஸ் கலந்திருக்கலாம். மெத்தில் குளோரைடு கலந்த போலிச் சரக்கு இன்னும் பயங்கரம். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011இல் கப்பல் சரக்குக் குளிர்பெட்டிகளின் கம்ப்ரசர்கள் வெடித்து ஆட்கள் இறந்ததற்கு இந்தக் கலப்படமே காரணம் என்று சொல்லப்பட்டது.

வேலை முடிந்ததும் தெர்மாமீட்டரை மறுபடி நடு வென்ட்டில் செருகி, எண்ணைப் பில்லின் பின்பக்கம் எழுதி வையுங்கள், வெளி வெப்பத்தையும் சேர்த்து. அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிட ஒன்று இருக்கும். கிளம்புமுன் பானெட்டைத் திறந்து, இரண்டு சர்வீஸ் வால்வுகளின் மேலும் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே ரப்பர் வளையம் வைத்த மூடிகள் அவை, தூசிக்கு மட்டும் போட்டவை இல்லை; வால்வின் பின் லேசாகக் கசிந்தால் தடுத்து நிறுத்துவது அந்த மூடிதான். ஏசி கடையின் தரையில் இந்த மூடிகள்தான் அதிகம் கிடக்கும்.